ஆபரேட்டரின் சொல்லுக்கு எடை வேண்டும்



தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கு வைப்பினைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. தெற்கே கொச்சி அழிமுகம், வடக்கே முனம்பம் அழிமுகம், மேற்கே அரபிக்கடல், கிழக்கே உப்பேறும் காயல். நடுவில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணல் திட்டு. 1341-ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளம் கொண்டுவந்து சேர்த்த மண்ணில் இந்தத் தீவு எழுந்தது என்பது மரபுவழிச் செய்தி. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கும். ஊர்க் குளங்களும் கிணறுகளும் தந்ததெல்லாம் அந்த நீர்தான். குடியிருப்பு நெருங்க நெருங்கப் படலம் மெலிந்தது. கோடையில் கிணறு கரிக்கத் தொடங்கியது. காலிக்குடங்களோடு பெண்கள் நெடுஞ்சாலையை மறித்து உட்காருவது எளங்குன்னப்புழாவிலும் ஞாறக்கல்லிலும் எடவனக்காட்டிலும் பல பத்தாண்டுகளாகப் பார்த்துப் பழகிய போராட்டமாகிவிட்டது. அழிமுகத்தின் தென்கரையான கொச்சியிலும் கதை வேறல்ல. டச்சுக்காரர் காலத்துக் கொச்சிக்கு நல்ல தண்ணீர் ஆலுவாவிலிருந்து வள்ளத்தில் வந்தது. அதே டச்சுக்காரர் காலத்தில் இங்கே கொண்டுவரப்பட்ட தமிழ் வண்ணார்களின் வழிவந்தவர்கள் இன்றும் ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் துவைத்து உலர்த்திப் பிழைக்கிறார்கள். மேற்குக் கொச்சி மக்கள் குடிநீருக்காக உயர் நீதிமன்றத்தின் படியேறினார்கள். பாதுகாப்பான குடிநீர் பெறுவது வாழ்வுரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2006-இல் அந்த வழக்கில் தீர்ப்பளித்தது.

இந்த நெடிய வழக்கில் நாம் பேசிவந்ததெல்லாம் எத்தனை லிட்டர், எத்தனை அங்குலக் குழாய், எந்தத் திட்டம், எத்தனை கோடி என்பதுதான். 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் வந்தன. தீவு நகரத்தோடு ஒட்டிக்கொண்டது. குழாயும் நீண்டது. அந்தக் குழாயின் மறுமுனையில் இரவு ஷிப்டில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டரைப் பற்றி மட்டும் நாம் பேசவில்லை. ஆற்றுநீரைக் குடிநீராக்குகிறவருக்கும், நம் வீட்டுக் கழிவுநீரை ஆற்றில் விடத் தக்கதாக்குகிறவருக்கும் சொந்தமாக ஒரு தொழில்முறைச் சங்கம் வேண்டும். தேர்வும் சான்றிதழும் நடத்தை நெறியும் உடையதாக, ஆபரேட்டர்களே நடத்துவதாக, எந்த நிறுவனத்தில் வேலை பார்த்தாலும் சேரக்கூடியதாக அது இருக்க வேண்டும். அது இல்லாததால் கெடுவது அவர்கள் கௌரவம் மட்டுமல்ல, நம் உடல்நலம். இன்று நான் நிறுவ வந்திருப்பது இந்த ஒன்றைத்தான்.

1914-ஆம் ஆண்டை இந்த வாதத்துக்குத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டில்தான் கொச்சி அரசு பெரியாற்றங்கரையில் சொவ்வராவில் நீரேற்று நிலையம் அமைத்து எறணாகுளத்துக்கும் மட்டாஞ்சேரிக்கும் குழாய்நீர் கொடுக்கத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னையில் கீழ்ப்பாக்கம் நீர்நிலையத்தை ஆளுநர் பென்ட்லண்ட் திறந்துவைத்தார். அதே ஆண்டு ஏப்ரலில் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர், கழிவுநீருக்குள் காற்றை ஊதி, படிந்த கசடைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் நுண்ணுயிர்களே அழுக்கைத் தின்று தீர்க்கும் என்று நிறுவிக் கட்டுரை வாசித்தார்கள். இன்று எளங்குளத்திலும் கொச்சியின் அடுக்குமாடிகளின் அடித்தளத்திலும் ஓடும் எஸ்.டி.பி. எனப்படும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் பெரும்பாலானவை அந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்தவைதான். அந்த ஆய்வுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் சில ஆண்டுகளிலேயே பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்குப் பேராசிரியராக வந்தார். ஆக, நுட்பம் நமக்குத் தாமதமாக வரவில்லை. உலகத்துக்கு வந்த கையோடு நமக்கும் வந்தது. அந்த நுட்பத்தைக் கையாளும் மனிதர்களைத் தொழிலராக மதிக்கும் ஏற்பாடு மட்டும் ஒரு நூற்றாண்டு கழிந்தும் வரவில்லை.

ஆபரேட்டர் என்ன செய்கிறார் என்பதை அருகில் நின்று பார்த்தால்தான் இந்தக் குறையின் ஆழம் தெரியும். மோட்டார் போடுவதும் வால்வ் திருப்புவதும்தான் அவர் வேலை என்று படித்தவர்களும் நினைக்கிறார்கள். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்து, மேலே பூதத்தான்கெட்டில் ஷட்டர்கள் உயர்ந்ததும் பெரியாறு சில மணி நேரத்தில் செம்மண் நிறமாகிவிடும். நேற்று போட்ட படிகார அளவு இன்று செல்லாது. ஆறு கண்ணாடிக் குவளைகளில் ஆற்றுநீரை எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரக் கரைசலை விட்டு, துடுப்பு முதலில் ஒரு நிமிடம் வேகமாகச் சுற்ற, பிறகு கால் மணி, இருபது நிமிடம் மெதுவாகச் சுற்ற, அவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்தக் குவளையில் கலங்கல் திரண்டு பூம்பஞ்சு போலாகிக் கனத்து இறங்குகிறது, எதில் திரளாமல் மூட்டமாகவே நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். குறைந்தால் கலங்கல் வடிகட்டியைத் தாண்டி வரும். கூடினால் நீரின் காரத்தன்மை தின்னப்பட்டு அமிலம் ஏறும், திரளும் சரியாகத் திரளாது. இந்தியத் தரநிலை குடிநீரின் கலங்கலுக்கு 1 அலகை ஏற்கத்தக்கதாகவும், வேறு வழியில்லாதபோது 5 அலகை எல்லையாகவும் வைத்திருக்கிறது. அந்த ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் இரவு இரண்டு மணிக்கு முடிவெடுக்கிறவர் பொறியாளர் அல்ல. பொறியாளர் அப்போது வீட்டில் இருப்பார். கோடையில் சிக்கல் வேறு. பாதாளம், மஞ்ஞும்மல் ரெகுலேட்டர்களும் ஆண்டுதோறும் கட்டும் தற்காலிகத் தடுப்பும் உப்பை ஓரளவுதான் தடுக்கும். ஓதம் ஏறும்போது உப்பு மேலேறி வந்துவிட்டால் படிகாரமும் மணல் வடிகட்டியும் குளோரினும் அதை ஒன்றும் செய்ய முடியாது. பம்பை நிறுத்திவிட்டு ஓதம் இறங்கக் காத்திருப்பதே வழி. நிறுத்தினால் தீவில் குடம் காலியாகும். நிறுத்தாவிட்டால் உப்புநீர் போய்ச் சேரும். எது செய்தாலும் மறுநாள் காலையில் வசவு அவருக்குத்தான்.

குழாயின் கடைசி முனையில் இருப்பவர்களுக்கு இந்த முடிவுகள் இன்னும் நெருக்கமானவை. சுத்திகரிப்பு நிலையத்தில் கலந்த குளோரின் வழியெங்கும் தீர்ந்துகொண்டே வரும். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. நாளில் சில மணி நேரம் மட்டும் நீர் வரும் ஊரில், நீர் வராத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் விழுந்து, விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடையின் நீரை அது உள்ளிழுக்கும். அந்த எஞ்சிய குளோரின்தான் அப்போது நமக்குக் காவல். ஊராட்சித் தொட்டி ஆபரேட்டரின் கணக்கைப் பாருங்கள். ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் மொத்தம் 200 கிராம். பிளீச்சிங் பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருந்தால் ஏறத்தாழ 600 கிராம் பவுடர் போதும். பை பிரிந்து ஈரக்காற்றில் கிடந்து வீரியம் 20 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் அதே வேலைக்கு முழுக் கிலோ வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைப் பொடி. போட்டுக் கலக்கி அரைமணி விட்டு, குழாய்நீரைச் சோதனைக் குப்பியில் பிடித்து, மருந்துத் துளி விட்டு நிறம் ஏறுகிறதா என்று பார்க்கிறவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். அப்படிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2024 ஏப்ரல், மே மாதங்களில் இதே எறணாகுளம் மாவட்டத்தில் வேங்கூர் ஊராட்சியில் 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. பொதுக் குடிநீர் வழங்கலில் குளோரின் கலப்பு சரியாக நடக்கவில்லை என்ற குற்றச்சாட்டின்மேல் மாவட்ட நிர்வாகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில் காக்கநாட்டுப் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நூற்றுக்கணக்கானவர்கள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்தார்கள். ஒன்று மலையடிவார ஊராட்சி, மற்றொன்று நகரத்தின் உயர்ந்த கட்டடம். இரண்டிலும் நீரைக் கவனிக்க யாரோ ஒருவர் பொறுப்பில் இருந்திருப்பார். அவருக்கு என்ன பயிற்சி தந்தோம், அவர் சொன்னதை யார் கேட்டார்கள் என்ற கேள்வி எந்தச் செய்தியிலும் நீளமாக எழவில்லை.

கழிவுநீர்ப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். கொச்சி நகரத்தில் பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள பகுதி ஏறத்தாழ 5 சதவீதம்தான். எஞ்சியதெல்லாம் செப்டிக் தொட்டி, லாரி, அடுக்குமாடிகளிலும் ஓட்டல்களிலும் உள்ள தனித்தனி எஸ்.டி.பி. அந்த எஸ்.டி.பி.யைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் அனுப்பும் இளைஞர். பல இடங்களில் வங்காளத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர். ஒரு லிட்டர் அளவுருளையில் காற்றூட்டும் தொட்டியின் நீரைப் பிடித்து அரைமணி அசையாமல் வைத்தால், நல்ல கசடு பழுப்பாகத் திரண்டு அடியில் இறங்கி மேலே தெளிநீர் நிற்கும். அதைப் பார்த்தே தொட்டியின் உடல்நிலையைச் சொல்லிவிடலாம். மின்கட்டணத்தை மிச்சம்பிடிக்க இரவில் காற்றூதும் புளோயரை நிறுத்தச் சொல்கிறார் மேலாளர் என்று வைத்துக்கொள்வோம். சில நாளில் கசடு கறுக்கும், நாறும், இறங்காமல் மிதந்து நீரோடு வெளியேறிக் காயலில் சேரும். ஆய்வுக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்பது ஆபரேட்டரை. நிறுத்தச் சொன்னவர் பெயர் லாக் புக்கில் இராது. இதைவிடக் கொடியது தொட்டிக்குள் இறங்கச் சொல்வது. அழுகிய முட்டை வாடையுள்ள வாயு, செறிவு ஏறும்போது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். வாடை போய்விட்டது, இனி பயமில்லை என்று இறங்குகிறவர் அங்கேயே விழுகிறார். தூக்கப் போகிறவரும் விழுகிறார். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் ஆளிறங்கு குழியில் விழுந்த தொழிலாளர் இருவரைக் காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார். மனிதரை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013-இலேயே வந்துவிட்டது. இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023-இல் ஆணையிட்டது. இறங்க மாட்டேன் என்று சொல்லும் ஒற்றை ஆளின் பின்னால் நிற்க ஓர் அமைப்பு இல்லாத வரை, சட்டம் இறந்தபின் வந்து நிற்கும் சட்டமாகவே இருக்கிறது.

அமைப்பே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, துண்டு துண்டாக. கேரள நீர்வாரியம் 1984-இல் அமைந்தது. அதன் ஊழியர்களுக்குத் தொழிற்சங்கங்கள் உண்டு. 1968-இல் தொடங்கிய இந்திய நீர்நிலையச் சங்கம் மதிப்புள்ள அமைப்பு. கருத்தரங்கும் இதழும் நடத்துகிறது. ஆனால் அதன் மேடை பெரும்பாலும் பொறியாளர்களின் மேடை. ஜலநிதி ஊரகக் குடிநீர்த் திட்டத்தில் பயனாளர் குழுக்கள் வைத்திருக்கும் பம்ப் ஆபரேட்டர், அடுக்குமாடி எஸ்.டி.பி. ஆள், மருத்துவமனையின் கழிவுநீர்த் தொட்டியைப் பார்க்கிறவர், ஓட்டலில் அதே வேலை பார்க்கிறவர், இவர்களெல்லாம் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர்கள் சங்கமாகத் திரண்டு ஊதியத்துக்குப் போராடுகிறார்கள். அந்தப் போராட்டம் முழுக்க நியாயமானது. அதைத் தாண்டி, இந்த வேலையைச் சரியாகச் செய்வது எப்படி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் இடமும், இந்த வேலைக்குத் தகுதி இதுதான் என்று அறுதியிடும் இடமும் இன்னும் உருவாகவில்லை. பிற நாடுகளில் இதைத் தொடங்கியவர்கள் பேராசிரியர்கள் அல்லர், நிலையங்களை நடத்தியவர்களே. 1881 மார்ச்சில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆறு மாநிலங்களின் நீர்நிலையங்களிலிருந்து 22 பேர் கூடித் தொடங்கியதுதான் இன்றைய அமெரிக்க நீர்நிலையச் சங்கம். 1895-இல் இங்கிலாந்தில் கழிவுநீர் நிலைய மேலாளர்கள் தமக்கென்று சங்கம் கண்டார்கள். ஒரு நிலையத்தில் தோற்ற வழியை அடுத்த நிலையம் மறுபடி சோதித்துத் தோற்க வேண்டாம் என்பதே அவர்கள் கூடியதற்கு முதல் நியாயம்.

நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. நீராவிக் கொதிகலனை இயக்குகிறவர் தகுதிச் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும். கொதிகலன் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரித்துத் தேர்வு வைக்கின்றன. வீட்டுக்கு வயரிங் செய்கிறவருக்கு உரிமம் உண்டு. சுரங்கத்தில் இறங்கி மேற்பார்க்கிறவருக்குச் சான்றிதழ் உண்டு. ஒரு கொதிகலன் வெடித்தால் அந்த ஆலையில் சிலர் சாவார்கள் என்பதால் இந்தக் கண்டிப்பு. ஒரு நகரமே குடிக்கும் நீரைத் தெளியவைக்கிறவருக்கு, வேலையில் சேர ஐ.டி.ஐ. படிப்பு போதும், சேர்ந்தபின் இந்த வேலையில் அவர் தேர்ந்தவர்தானா என்று எந்த மத்தியச் சட்டமும் கேட்பதில்லை.

சான்றிதழ் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. இதற்குக் கனடாவின் வாக்கர்ட்டன் ஊரைச் சாட்சியாக அழைக்கிறேன். 2000 மே மாதம், கனமழை பெய்து, கால்நடைச் சாணத்திலிருந்த கிருமி ஊர்க் கிணறு ஒன்றில் இறங்கியது. ஐயாயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊரில் 7 பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு நோய். நீதிபதி டெனிஸ் ஓகானர் விசாரித்தார். ஆபரேட்டர்கள் குளோரினை அளக்காமலே நாளேட்டில் எண்களை எழுதிவந்தார்கள் என்று தெரிந்தது. நீரில் கிருமி இருப்பதாக ஆய்வகம் அனுப்பிய அறிக்கையைப் பொறுப்பாளர் சுகாதாரத் துறையிடமிருந்து மறைத்தார். இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்: அவர்களிடம் சான்றிதழ் இருந்தது. பல ஆண்டு அனுபவம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தேர்வில்லாமல் கொடுத்த சான்றிதழ் அது. குளோரின் ஏன் வேண்டும் என்பதே அவர்களுக்கு முழுதாகப் புரிந்திருக்கவில்லை. அந்தக் கிணற்று நீரையே தாங்களும் குடித்துவந்தார்கள். அதன்பின் ஒன்டாரியோ மாநிலம் தேர்வையும் தொடர் பயிற்சியையும் கட்டாயமாக்கியது; சிறிய ஊர் ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி தர வாக்கர்ட்டனிலேயே 2004-இல் மையம் அமைத்தது. காகிதச் சான்றிதழால் பயனில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. தொழிலைத் தொழிலாகக் கற்று, சகதொழிலர் முன்னால் கணக்குச் சொல்லும் வழக்கம் வேண்டும் என்பதும் தெரிகிறது.

அறிந்த ஆபரேட்டருக்கும் சங்கம் வேண்டும் என்பதற்கு இன்னொரு சாட்சி அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரம். செலவைக் குறைக்க 2014 ஏப்ரல் 25-இல் அந்நகரம் ஃப்ளின்ட் ஆற்று நீருக்கு மாறியது. அதற்குச் சில நாள் முன்னரே, நிலையத்தில் பொறுப்பிலிருந்த ஆபரேட்டர் ஒருவர், நிலையம் தயாராக இல்லை, இந்த நீரை வெளியே விட என் ஒப்புதல் இல்லை என்று மாநில அதிகாரிகளுக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார். நீர் விடப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் குழந்தைகளின் உடம்பில் ஏறியது. அவருக்கு அறிவு இருந்தது, உரிமம் இருந்தது, எழுதும் துணிவும் ஓரளவு இருந்தது. அந்தச் சொல்லைத் தூக்கிப் பொதுமக்கள் முன் வைத்து, எங்கள் தொழிலர் தயாரில்லை என்று சொன்னபின் நீரைத் திறப்பது தொழில்நெறிக்கு விரோதம் என்று அறிவிக்க ஒரு கூட்டு வாய் முன்வரவில்லை. மருத்துவர் ஒருவரைக் கட்டாயப்படுத்திப் பொய்ச் சான்று வாங்குவது ஏன் கடினம்? அவருக்குப் பின்னால் ஒரு மன்றம் இருக்கிறது. பொய் எழுதினால் பதிவு போகும் என்று சொல்லி அவர் மறுக்கலாம். நெறியால் கட்டுப்படுவது இப்படி அவருக்குக் கவசமாகவும் ஆகிறது. புளோயரை நிறுத்தச் சொல்லும் மேலாளரிடம், நிறுத்தினால் என் சான்றிதழ் போய்விடும் ஐயா என்று சொல்ல அந்த ஒடிசா இளைஞருக்கு இன்று வழியில்லை.

இந்தக் கருத்துக்கு வரும் மறுப்புகளில் வலுவானது தொழிற்சங்கத் தோழர்களிடமிருந்து வருகிறது. கேரளத்தில் சங்கத்துக்குப் பஞ்சமா, இன்னொன்று எதற்கு, இது உழைப்பாளரைப் பிரிக்கும் வேலை என்கிறார்கள். இந்த ஐயத்தை நான் மதிக்கிறேன். ஊதியம், நிரந்தரம், ஓய்வூதியம், ஷிப்டுக்கு எத்தனை ஆள் என்பனவற்றைப் போராடிப் பெற்றது தொழிற்சங்கமே. அந்த இடத்தை வேறெதுவும் நிரப்ப முடியாது, நிரப்பவும் கூடாது. ஆனால் தொழிற்சங்கம் பேசுவது முதலாளியிடம். தொழில்முறைச் சங்கம் பேச வேண்டியது குடம் ஏந்தி நிற்கும் பெண்ணிடம். நீர்வாரியச் சங்கத்தில் அடுக்குமாடி எஸ்.டி.பி. ஆள் உறுப்பினராக முடியாது. பயனாளர் குழு ஆபரேட்டருக்கு எதிர்த்து நிற்க முதலாளியே கிடையாது, அவருடைய அண்டை வீட்டாரே அவருக்குச் சம்பளம் தருகிறார்கள். தவிர, ஓர் உறுப்பினர் பொய்யாக எண்ணெழுதினார் என்று தெரியவந்தால் தொழிற்சங்கத்தின் கடமை அவர் வேலையைக் காப்பது. அது சரியான கடமைதான். அவர் செய்தது தவறு என்று தொழிலின் பெயரால் சொல்ல வேறொரு கூட்டம் வேண்டும். செவிலியர் தொழிற்சங்கமும் செவிலியர் கவுன்சிலும் ஒரே மாநிலத்தில் இருக்கின்றன. செவிலியர் ஒற்றுமை அதனால் குலைந்துவிடவில்லை. ஆள் பற்றாக்குறையால் ஒருவரே இரண்டு ஷிப்ட் பார்க்கும் நிலை நீருக்கு ஆபத்து என்று தொழில்முறைச் சங்கம் சொன்னால், தொழிற்சங்கத்தின் கோரிக்கைக்கு அது வலுவே சேர்க்கும்.

இரண்டாவது மறுப்பு எனக்கு மனவேதனை தருவது. தேர்வு வைத்தால் தோற்பவர் யார்? பத்தாம் வகுப்போடு நின்று, இருபது வருடமாகச் சத்தத்தை வைத்தே பம்பின் நோயைக் கண்டுபிடிக்கிறவர். சாதியின் பெயரால் இந்த வேலைக்குத் தள்ளப்பட்டவர். வேலை மதிப்புப் பெற்றதும் மேல்தட்டிலிருந்து பட்டயம் பெற்றவர்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள், சாக்கடையில் இறங்கியவர் வெளியே நிற்பார் என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல. அதற்காகத் தேர்வே வேண்டாம் என்றால் வாக்கர்ட்டனுக்குத்தான் போய்ச் சேர்வோம். தேர்வை மலையாளத்திலும் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும் வைக்கலாம். எழுத்துக்குப் பாதி, கைக்குப் பாதி என்று வைக்கலாம். அவர் வேலை செய்யும் நிலையத்திலேயே குவளையையும் அளவுருளையையும் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லலாம். பிளீச்சிங் பவுடர் கணக்கை வாயால் சொன்னால் போதும். தோற்றவரை வேலையிலிருந்து நீக்காமல், சில ஆண்டு அவகாசமும் சம்பளத்தோடு பயிற்சியும் தரலாம். கொதிகலன் தேர்விலும் அனுபவத்துக்கு இடமும் வாய்மொழிக்கு இடமும் உண்டு. சாக்கடை சுத்தம் செய்தவருக்கு மறுவாழ்வு என்று நாம் தரும் சிறுகடன்களைவிட, கழிவுநீர் நிலையத்தில் சான்றிதழ் பெற்ற ஆபரேட்டர் என்ற பதவி பெரிய மறுவாழ்வு என்று நான் நம்புகிறேன். திருவனந்தபுரத்தில் பிறந்த பாண்டிகூட் இயந்திரம் ஆளிறங்கு குழிக்குள் மனிதர் இறங்குவதைத் தவிர்க்கிறது. அந்த இயந்திரத்தை இயக்குகிறவர் முன்பு குழிக்குள் இறங்கியவராகவே இருக்க வேண்டும். சங்கத்தின் விதியில் இதை எழுதிவைக்கலாம்.

இயந்திரம் வந்துவிட்டால் ஆபரேட்டரே எதற்கு என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளோரினையும் கலங்கலையும் இடைவிடாது அளக்கும் கருவி இருந்திருந்தால் வாக்கர்ட்டனில் சாவு நேர்ந்திராது என்று ஓகானரே சொன்னார்; கருவிகள் வரட்டும். ஆனால் கருவியின் முனையில் பாசி பிடித்தால் அது பொய் சொல்லும். அதைச் சந்தேகிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். 2023 தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்தில் மூன்று பம்புகளில் இரண்டு பழுதாகி, மரடு நிலையத்துக்கு நீர் குறைந்து, மேற்குக் கொச்சியும் செல்லானமும் கும்பளமும் வாரக்கணக்கில் தவித்ததை இந்த அவை மறந்திருக்காது. இங்கே பஞ்சமே தண்ணீர்தான், தரத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்பவர்களுக்கும் அதுவே பதில். பம்புகள் பெரும்பாலும் திடீரென்று சாவதில்லை; பேரிங் சூடேறுவதையும் அதிர்வு கூடுவதையும் லாக் புக்கில் எழுதுகிறவர் இருப்பார். எழுதியதை அலுவலகம் படித்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால் அளவும் நிற்கும், தரமும் நிற்கும்.

சங்கம் தன் ஆட்களைத் தானே மூடிமறைக்காதா? மறைக்கும், காவல் இல்லாவிட்டால். மருத்துவ மன்றங்கள் மறைத்த கதைகளை நாம் அறிவோம். அதனால் ஒழுங்கு விசாரணைக் குழுவில் ஆபரேட்டர் அல்லாதவர் பாதிப்பேர் இருக்க வேண்டும். அவர்களில் குழாயின் கடைசி முனையில் வாழ்கிறவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும். குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களையும் மீனவக் குடும்பங்களையும் இதற்கு அழைக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பயிற்சி தரும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. ஆபரேட்டரின் எண்ணைச் சரிபார்க்கும் இரண்டாவது கண்ணாக அவர்கள் இருக்கலாம். விசாரணை முடிவு வெளியிடப்பட வேண்டும். இந்த நிபந்தனைகள் இல்லாத சங்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. செயின்ட் லூயிஸில் கூடிய 22 பேருக்குச் சட்டம் ஏதும் இருக்கவில்லை. நீர்வாரிய ஆபரேட்டர்கள், பயனாளர் குழு ஆட்கள், அடுக்குமாடி எஸ்.டி.பி. இளைஞர்கள் என்று பெருங்கொச்சியில் சிலரே கூடினாலும் தொடங்கிவிடலாம். கூட்டத்தை எறணாகுளத்து ஓட்டல் மண்டபத்தில் வைக்க வேண்டாம். ஞாறக்கல்லிலோ நாயரம்பலத்திலோ ஓர் ஊராட்சி மண்டபத்தில், ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்குத் தோதான நேரத்தில் வைக்க வேண்டும். முதல் ஆண்டுக்கு மூன்று வேலை போதும். ஒன்று, நடத்தை நெறி ஒரே பக்கத்தில்: அளக்காத எண்ணை எழுத மாட்டேன், கேடான நீரை அறிந்து விட மாட்டேன், ஆபத்தான தொட்டியில் இறங்கவும் மாட்டேன், பிறரை இறக்கவும் மாட்டேன். இரண்டு, மேலே சொன்ன தேர்வை விரும்பி முன்வருகிறவர்களுக்கு நடத்திப் பார்ப்பது. மூன்று, எளங்குன்னப்புழாவிலிருந்து பள்ளிப்புறம் வரை ஒவ்வொரு ஊராட்சியிலும் குழாயின் கடைசி வீட்டில் வாரம் ஒருமுறை குளோரின் அளந்து, அளந்தவர் பெயரோடும் நேரத்தோடும் அந்த எண்ணை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதுவது. எண் 0.2-க்குக் கீழே இறங்கிய வாரம், அளந்தவரையும் நீர் விட்டவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் காரணம் கேட்கும் கூட்டமே சங்கத்தின் முதல் தொழில்முறைக் கூட்டமாக இருக்கட்டும். அதற்கு வேண்டிய சோதனைப் பெட்டிகளின் விலை, இந்தச் சொற்பொழிவை அச்சிட்டு வழங்க ஆகும் செலவைவிட மிகுதியாக இராது. இந்தச் சொற்பொழிவை ஏற்பாடு செய்த அறக்கட்டளையார் முதல் ஆண்டுப் பெட்டிகளை வாங்கித் தர வேண்டுமென்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.